வீட்டில் ஒயின் டேஸ்டிங்: வரிசையா, ஜோடியா, மறைத்தா?

நண்பர்களைக் கூப்பிட்டு ஆறு பாட்டில் ஒயினைத் திறந்து வைத்தால் அது பார்ட்டி. அதே ஆறு பாட்டிலில் எதை முதலில் ஊற்றுவது, எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது, பெயரைச் சொல்வதா மறைப்பதா என்று யோசித்து வைத்திருந்தால்தான் அது டேஸ்டிங். இதில் பலர் தலைகீழாகப் போகிறார்கள். கண்ணில் பட்ட பாட்டில்களை வாங்கி அடுக்கிவிட்டு, விருந்தாளிகள் வரும் நேரத்தில் 'இதை வைத்து என்ன பண்ணலாம்' என்று விழிக்கிறார்கள். முறையை முதலில் முடிவு செய்தால் எதை வாங்குவது என்ற கேள்விக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும்.

என் கட்சி எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேர் வருகிறார்கள், அதில் ஒன்றிரண்டு பேருக்கு ஓரளவு விவரம் தெரியும், மற்றவர்களுக்கு 'சிவப்பு, வெள்ளை' என்ற அளவில்தான் பரிச்சயம். இப்படிப்பட்ட சாதாரண வீட்டுக் கூட்டத்துக்கு இரண்டிரண்டாக, ஜோடி ஜோடியாக ஊற்றுவதுதான் சரி. மற்ற முறைகள் மோசம் என்றில்லை. ஒவ்வொன்றும் வேறு மாதிரிக் கூட்டத்துக்கு உருவானவை.

வெர்ட்டிக்கல் என்று சொல்வார்களே, அதிலிருந்து தொடங்கலாம். ஒரே தயாரிப்பாளரின் ஒரே ஒயினை வெவ்வேறு அறுவடை ஆண்டுகளில் எடுத்து வரிசையாக ருசிப்பது. கேட்கும்போதே ஒரு கம்பீரம் இருக்கிறது. பிரான்சின் போர்டோ பகுதி ஒயின் ஒன்றில் 2010-ஐயும் 2013-ஐயும் பக்கத்தில் வைத்தால் வானிலை ஒரு திராட்சைத் தோட்டத்தை என்ன பாடு படுத்தும் என்பது வாயிலேயே தெரியும். 2010 வறண்ட ஆண்டு. ஒயினில் திண்மையும் துவர்ப்பும் புளிப்பும் ஒருசேர நின்றன. 2013-ல் பூக்கும் பருவத்திலேயே குளிரும் மழையும் வந்து விளைச்சல் குறைந்தது, ஒயினும் மெலிந்து போனது. இதெல்லாம் உண்மையிலேயே சுவாரசியமான பாடம்தான்.

ஆனால் வீட்டுக்கு ஒத்துவராது. பழைய ஆண்டு பாட்டில்கள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அவை எங்கே, எந்த வெப்பத்தில் கிடந்தன என்று யாருக்கும் தெரியாது. உலகில் தயாராகும் ஒயினில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடித்து முடிப்பதற்கென்றே செய்யப்படுவது. அதை வைத்து வெர்ட்டிக்கல் நடத்தினால் 'புதிது, கொஞ்சம் வாடியது, முழுக்க வாடியது' என்ற வரிசைதான் கிடைக்கும். வயதான சிவப்பு ஒயினில் அடியில் மண்டி படிந்திருக்கும் என்பதால் முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, கவனமாக வேறு ஜாடிக்கு மாற்ற வேண்டிய வேலையும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், ஆண்டுக்கு ஆண்டு உள்ள வித்தியாசம் நுணுக்கமானது. பழக்கமில்லாத நாக்குக்கு மூன்று கிளாஸும் ஒன்றுபோலவே தோன்றும். விருந்தாளிகள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள்.

ஹாரிஸாண்டல் என்பது ஒரே பகுதி, ஒரே ஆண்டு, வெவ்வேறு தயாரிப்பாளர்கள். இது அந்தப் பகுதியின் ஒயினை ஏற்கெனவே அடிக்கடி குடிப்பவர்களுக்கான விளையாட்டு. அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

புதியவர்கள் நிறைந்த கூட்டத்துக்கு எல்லாரும் சிபாரிசு செய்வது திராட்சை வகைகளின் சுற்றுலா: ரீஸ்லிங், சொவின்யோன் பிளாங்க், ஷார்டனே, பினோ நுவார், சிரா, கேபர்னே சொவின்யோன் என்று ஆறு வகை, ஆறு கிளாஸ். இதில் வித்தியாசம் எடுப்பாகத் தெரியும், யாரும் சங்கடப்பட மாட்டார்கள். குறை என்னவென்றால் ஒரு கிளாஸிலிருந்து அடுத்த கிளாஸுக்குப் போகும்போது எல்லாமே ஒரேயடியாக மாறிவிடுகிறது. திராட்சை வேறு, நாடு வேறு, தட்பவெப்பம் வேறு, செய்முறை வேறு. எதனால் இந்த வித்தியாசம் என்று கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. 'இது பிடிச்சிருக்கு, அது பிடிக்கலை' என்பதைத் தாண்டிப் பேச்சு நகராது. நான்காவது கிளாஸ் வரும்போது முதல் கிளாஸின் வாசனை நினைவிலும் இருக்காது. இருந்தாலும், வெர்ட்டிக்கலா இதுவா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதையே சொல்வேன்.

விலை விளையாட்டுக்கும் ரசிகர்கள் அதிகம். மலிவானது, நடுத்தரம், மிக விலையுயர்ந்தது என்று கலந்து ஊற்றி 'விலையைக் கண்டுபிடி' என்பது. சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது. ஆனால் நடத்துபவர் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆறாயிரத்துக்கும் அதிகமான மறைத்து ருசித்த மதிப்பீடுகளைப் பார்த்தார்கள்; பயிற்சியில்லாதவர்கள் விலை கூடியதை அதிகம் விரும்பவில்லை, சராசரியாகக் கொஞ்சம் குறைவாகவே விரும்பினார்கள். அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு இன்னும் வேடிக்கை. 20 பேரை மூளை ஸ்கேனில் படுக்க வைத்து ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்று மற்றதைப் போல ஒன்பது மடங்கு. விலை கூட என்று சொன்னபோது நன்றாக இருக்கிறது என்று வாயால் சொன்னது மட்டுமல்ல, இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் இயக்கமும் கூடியது. ஆகவே பணத்தைக் கொட்டி ஒரு பாட்டில் வாங்கி, அதை மறைத்து ஊற்றி, அது கடைசி இடம் வாங்குவதைப் பார்த்து மனம் நோகாதவர்களுக்கு மட்டும் இந்த விளையாட்டு.

ஆளுக்கொரு பாட்டில் கொண்டு வரச் சொல்வது செலவைப் பகிர்ந்துகொள்ள நல்ல வழி. நிபந்தனை எதுவும் போடாமல் சொன்னால் எட்டில் ஆறு பாட்டில் கனமான சிவப்பாக வந்து நிற்கும். 'சொவின்யோன் பிளாங்க், எந்த நாடானாலும் சரி' என்று ஒரு கோடு கிழித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். மீதித் தொல்லை மனிதர்கள் சம்பந்தப்பட்டது: யாரோ ஒருவர் ஆசையாக வாங்கி வந்தது கடைசியில் நிற்கும், அந்த ஆளும் அங்கேயே உட்கார்ந்திருப்பார். இந்த முறையைத் தேர்ந்தெடுத்தால் தரவரிசை வேண்டவே வேண்டாம்.

இப்போது ஜோடிக்கு வருவோம். ஆறு பாட்டிலை மூன்று ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே ஒரு விஷயம் முக்கியமாக வேறுபடும்படி பார்த்துக்கொள்வது. ஆளுக்கு இரண்டே கிளாஸ். மோந்து, குடித்து, அடுத்ததை மோந்து, குடித்து, மறுபடி முதலாவதுக்குத் திரும்பி வருவது. அந்தத் திரும்பி வருவதில்தான் எல்லாம் இருக்கிறது. தனியாகக் குடித்தபோது 'புளிப்பாக இருக்கிறது' என்று மட்டும் தோன்றிய ஒயின், இரண்டாவதைக் குடித்துவிட்டுத் திரும்பும்போது திடீரென்று ஒல்லியாகவோ, உப்புச்சுவை தட்டுவதாகவோ தோன்றும். விவரம் தெரியாதவர்கூட இதைத் தவறவிட மாட்டார். வாசனையை நினைவில் வைத்துக்கொள்வதில் பெரும்பாலோர் மட்டம். பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொன்னால் ஆச்சரியப்படும் அளவுக்குத் தேறிவிடுவார்கள்.

நான் பரிந்துரைக்கும் மூன்று ஜோடிகள் இவை. முதலில் சொவின்யோன் பிளாங்க்: பிரான்சின் லுவார் பகுதியில் விளையும் சான்செர் ஒன்று, நியூசிலாந்தின் மார்ல்பரோ ஒன்று. ஒரே திராட்சை, இடம் மட்டும் வேறு. மார்ல்பரோ கிளாஸைக் கையில் எடுக்கும் முன்பே பாஷன் ஃப்ரூட் வாசனையும் பச்சைக் குடைமிளகாய் வாசனையும் எட்டிப்பிடிக்கும். முதல் வாசனைக்குக் காரணம் தயோல்கள் என்ற கந்தகச் சேர்மங்கள், இரண்டாவதுக்கு மெத்தாக்சிபைரசீன்கள். சான்செர் அடங்கிய சுபாவம். எலுமிச்சை, ஈரக்கல் என்று மெதுவாகத்தான் வாயைத் திறக்கும்.

அடுத்து ஷார்டனே: ஓக் பீப்பாயைப் பார்க்காமல் எஃகுத் தொட்டியில் செய்த பிரான்சின் ஷாப்லி ஒன்று, புதிய ஓக்கில் ஊறிய கலிஃபோர்னியா ஒன்று. ஓக்கிலிருந்து வெனிலா வாசனை வரும், நொதித்தலில் உருவாகும் டயாசிட்டைல் என்ற சேர்மத்தால் வெண்ணெய் வாசனையும் சேரலாம். இங்கே தட்பவெப்பமும் மாறுகிறது என்பதால் கறாராகப் பார்த்தால் இது சுத்தமான ஜோடி இல்லை. ஒரே தயாரிப்பாளர் ஓக் போட்டும் போடாமலும் இரண்டு ஷார்டனே செய்தால் அதை வாங்குங்கள், அது இன்னும் பொருத்தம். ஷாப்லியிலும் உயர்தரப் பாட்டில்கள் சில ஓக்கைத் தொட்டவை என்பதால், வாங்கும்போது எளிய ஷாப்லியாகக் கேட்பது பாதுகாப்பு.

மூன்றாவது சிரா. பிரான்சின் வடக்கு ரோனிலிருந்து க்ரோஸ் எர்மிடாஜ் அல்லது சான் ஜோசஃப். எதிரே ஆஸ்திரேலியாவின் பரோசா, அங்கே அதற்கு ஷிராஸ் என்று பெயர். ஜேம்ஸ் பஸ்பி 1832-ல் ஐரோப்பாவிலிருந்து கொடித் துண்டுகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி வைத்தவர். அங்கே இந்தத் திராட்சை பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உறவு இருப்பதும் தெரியும், வளர்ந்த இடம் வேறு என்பதும் தெரியும். ரோனில் கருமிளகு வாசனை தூக்கலாக இருக்கும், பரோசாவில் பழக்கூழும் சாக்லேட்டும் ஆல்கஹாலின் சூடும். அந்த மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்று 2008-ல்தான் கண்டுபிடித்தார்கள், நாம் சமையலில் போடும் மிளகிலும் இருப்பது அதேதான். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்தச் சேர்மத்தின் வாசனையே தெரியாது என்பதும் அப்போதே வெளிவந்தது. எனவே 'மிளகா? எனக்கு ஒண்ணும் தெரியலையே' என்று ஒருவர் சொன்னால் அவரைக் கிண்டல் செய்யாதீர்கள். அவர் மூக்கைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி.

ஜோடியில் இன்னொரு வசதி, மற்ற முறைகளும் இதற்குள் அடங்கிவிடும். வெர்ட்டிக்கல் ஆசையா? ஒரு ஜோடியில் ஒரே ஒயினின் இரண்டு ஆண்டுகளை வையுங்கள். விலை விளையாட்டா? ஒரே திராட்சையில் மலிவு ஒன்று, உயர்ந்தது ஒன்று. கிளாஸ் பிரச்சினையும் தீர்கிறது. ஆறு ஒயினை வரிசையாக வைத்து எட்டுப் பேருக்கு ஊற்ற 48 கிளாஸ் வேண்டும், கழுவுபவரை நினைத்துப் பாருங்கள். ஜோடிக்கு 16 போதும்.

அடுத்த கேள்வி: பெயரைச் சொல்லி ஊற்றுவதா, மறைத்தா?

மறைப்பதற்கான வாதம் வலுவானது. 2001-ல் வெளியான ஆய்வில், போர்டோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் வர்ணித்தார்கள். 1976 மே 24-ல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற பிரிட்டிஷ் ஒயின் வணிகர் நடத்திய ருசிப்பு இதைவிடப் பிரபலம். ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள், பெயர் மறைத்த கலிஃபோர்னிய, பிரெஞ்சு ஒயின்கள். வெள்ளையில் ஷட்டோ மான்டலேனா 1973, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் 1973, இரண்டிலும் முதலிடம் கலிஃபோர்னியாவுக்குப் போனது. பாட்டிலைப் பார்த்து ஊற்றியிருந்தால் இது நடந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஆனால் எவ்வளவு மறைப்பது என்பதில்தான் வீட்டுக்காரர்கள் தடுமாறுகிறார்கள். எதையுமே சொல்லாமல் கிளாஸை நீட்டி 'இது என்ன?' என்று கேட்பது தேர்வு எழுதுபவர்களுக்கான பயிற்சி. விருந்துக்கு வந்தவரை அப்படி நிறுத்தினால் விவரம் தெரிந்த ஒருவர் மேதாவித்தனம் காட்டுவார், மற்ற ஏழு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். பாதி மறைப்பதுதான் வீட்டுக்குப் பொருத்தம்: 'இரண்டும் சிரா. ஒன்று ரோன், ஒன்று பரோசா. எது எது?' என்று கேளுங்கள். கண்ணை மூடிச் சொன்னாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருப்பதால் யாருக்கும் பயமில்லை. ஆனால் தேடுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

மறைக்கும் வேலையை அரைகுறையாகச் செய்தால் பாட்டிலே காட்டிக்கொடுத்துவிடும். பேப்பர் பையில் போட்டுக் கழுத்தில் கட்டினால் மட்டும் போதாது. கழுத்தைச் சுற்றியிருக்கும் தகட்டை முழுக்க உரித்து எடுக்க வேண்டும், அதன் நிறத்திலிருந்தே ஆளைக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கார்க்கா திருகு மூடியா என்பதும் துப்புக் கொடுக்கும். நியூசிலாந்து பாட்டில் பெரும்பாலும் திருகு மூடி, சான்செர் பெரும்பாலும் கார்க். பையைத் தாண்டி வடிவமும் தெரியும்: போர்டோ பாட்டிலுக்கு நிமிர்ந்த தோள், பர்கண்டி பாட்டிலுக்குச் சரிந்த தோள். இவ்வளவு தொல்லை வேண்டாமென்றால் ஒரே மாதிரியான இரண்டு ஜாடிகளில் ஊற்றி, அடியில் சின்னத் துண்டுச்சீட்டு ஒட்டிவிடலாம். நீங்களும் விளையாட வேண்டுமா? ஒருவர் பையில் போடட்டும், அவர் நகர்ந்த பிறகு இன்னொருவர் இடத்தை மாற்றி எண் எழுதட்டும். குடிக்காத விருந்தாளி ஒருவர் எப்போதும் இருப்பார். இந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்தால் அந்த மாலையின் ரகசியமெல்லாம் அவர் கையில் இருக்கும், ஓரமாக உட்கார வேண்டியதில்லை.

ஒரே ஒரு கண்டிப்பான விதி வையுங்கள்: எழுதி முடிக்கும் வரை யாரும் பேசக் கூடாது. ஒரு நிமிஷம் போதும். 'அன்னாசி!' என்று ஒருவர் உரக்கச் சொல்லிவிட்டால் அதன் பிறகு அந்த மேசையில் எல்லார் மூக்குக்கும் அன்னாசிதான்.

மதிப்பெண் போடலாமா? நூற்றுக்கு எத்தனை, இருபதுக்கு எத்தனை என்று அட்டவணை அச்சடித்து வைப்பவர்கள் உண்டு. பயிற்சி பெற்ற நடுவர்களுக்கே இது கஷ்டம். கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ராபர்ட் ஹாட்சன் என்ற ஒயின் தயாரிப்பாளர் ஒரே பாட்டிலிலிருந்து ஒரே ஒயினை மூன்று முறை, சொல்லாமல் ஊற்றிப் பார்த்தார். 2008-ல் வெளியான முடிவில், நடுவர்களில் பத்தில் ஒருவர்தான் மூன்று முறையும் ஏறத்தாழ ஒரே மதிப்பு கொடுத்திருந்தார். வீட்டில் எண் எதற்கு? இரண்டில் எது பிடித்தது, ஏன் என்று ஒரு வரி போதும். குறும்பு செய்யத் தோன்றினால் கடைசியில் மூன்று கிளாஸ் வைத்து, இரண்டில் ஒரே ஒயினையும் ஒன்றில் வேறொன்றையும் ஊற்றி 'எது தனி ஆள்?' என்று கேட்கலாம். சுலபமாகத் தெரியும் என்று நினைப்பவர்கள் படும் பாடு பார்க்க வேண்டிய காட்சி.

அளவு விஷயத்தில் கணக்கு எளிது. 750 மி.லி. பாட்டிலில் 50 மி.லி. வீதம் 15 பேருக்கு ஊற்றலாம், ஆகவே எட்டுப் பேருக்கு ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் தாராளம். 50 மி.லி. தண்ணீரை அளந்து கிளாஸில் ஊற்றி எந்த உயரம் வருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் கை பழகிவிடும். பார்க்கும்போது கஞ்சத்தனமாகத் தோன்றும், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆறு ஒயினையும் விழுங்கினால் 300 மி.லி., அதாவது வழக்கமான இரண்டு முழு கிளாஸ். வண்டி ஓட்ட வேண்டியவர்கள் விழுங்கக் கூடாது. நடுவில் பொதுவாக ஒரு வாளி வைத்தால் கூச்சப்பட்டு யாரும் துப்ப மாட்டார்கள். உள்ளே தெரியாத உயரமான குவளை ஆளுக்கொன்று கொடுங்கள்.

கிளாஸுக்குச் சர்வதேசத் தரமே இருக்கிறது: 1977-ன் ஐஎஸ்ஓ 3591, சுமார் 215 மி.லி., மேலே குறுகும் துலிப் வடிவம். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எல்லாருக்கும் ஒரே வடிவம் இருந்தால் போதும். வெப்பநிலை இதைவிட முக்கியம். வெள்ளைக்கு 8 முதல் 12 டிகிரி செல்சியஸ், சிவப்புக்கு 15 முதல் 18. சிவப்பை 'அறை வெப்பநிலையில்' கொடுக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை குளிர்ந்த கல் வீடுகளின் காலத்தது. அறை சூடாக இருந்தால் சிவப்பையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், இல்லாவிட்டால் பரோசாவில் ஆல்கஹாலின் காரம் மட்டுமே மூக்கில் ஏறும்.

சாப்பாட்டோடு சேர்த்து ருசிப்பதா, பிறகு சாப்பிடுவதா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: பிறகு. உப்பும் கொழுப்பும் சிவப்பு ஒயினின் துவர்ப்பை மழுங்க வைக்கும், இனிப்பைத் தின்றுவிட்டுக் குடித்தால் நல்ல ஒயினும் வெறும் புளிப்பாகத் தெரியும். ருசிக்கும் நேரத்தில் வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதும். ஜோடிகள் முடிந்து பைகளை அவிழ்த்த பிறகு சீஸும் சாப்பாடும் வரட்டும், மீதி ஒயின் அப்போது உதவும். அதே சிராவைச் சீஸோடு குடித்துப் பார்த்துவிட்டு முன்பு எழுதிய வரியை மாற்ற நினைப்பவர்கள் மாற்றிக்கொள்ளட்டும்.

ஜோடி முறையில் ஒரு பலவீனம் உண்டு. ஒரு பாட்டில் கெட்டிருந்தால் அந்த ஜோடியே போச்சு. கார்க்கில் உருவாகும் டிசிஏ என்ற சேர்மம் ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்து பழ வாசனையை அமுக்கிவிடும். விருந்தாளிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாவற்றையும் திறந்து ஒவ்வொன்றையும் மோந்து பாருங்கள். திருகு மூடி பாட்டில் ஒன்று கூடுதலாக அலமாரியில் இருக்கட்டும்.